தோட்டத்தில் போய் “வாழ்க்கை திருப்தியா?” என்று கேட்பதற்கு முன்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு வினாக்கொத்தோடு போகிறவர்கள் நிறையப் பேர். கூலி, வீடு, மருத்துவம் என்று ஐம்பது கேள்வி கேட்டுவிட்டுக் கடைசியில் “மொத்தத்தில் வாழ்க்கை எவ்வளவு திருப்தி, 0 முதல் 10க்குள் சொல்லுங்க” என்று முடிப்பார்கள். அந்த ஒரு கேள்வியில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம்.

முதலில், கேட்கிற இடம். லயத்து (வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள்) வாசலில் நின்று கேட்டால் பக்கத்துக் காம்பராவுக்கும் (அறைக்கும்) கேட்கும், மாமியார் உள்ளே இருப்பார், புருஷன் பதிலை எடுத்துக்கொடுப்பார், அந்த அக்கா “ஒரு குறையும் இல்லங்க” என்பார், நீங்கள் 8 என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவீர்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கேட்பது அதைவிட மோசம். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை காதில் விழும் தூரத்தில் யார் மனம் திறப்பார்கள்? தனியாகப் பேச முடியாவிட்டால் அன்றைக்குக் கேட்காமல் வருவதே மேல்.

அப்புறம் வரிசை. அரைப் பேர் (அரை நாள் கூலி மட்டும்) போட்டது, கூரை ஒழுகுவது எல்லாம் பேசி முடித்த கையோடு திருப்தியைக் கேட்டால் வருவது அந்தக் கோபத்தின் மதிப்பெண். 1988இல் அமெரிக்க மாணவர்களிடம் காதல் வாழ்க்கையை முதலில் கேட்டபோது, அடுத்து சொன்ன மகிழ்ச்சி அளவு அதோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அது அதே பலத்தோடு தெரியவில்லை என்றாலும், இந்தக் கேள்வியை முன்னாலேயே கேட்டுவிடுங்கள் என்றுதான் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஈசிடி 2013இல் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் போனீர்களா, அதற்கு முந்தின வாரத்திலா என்பதையும் குறித்து வையுங்கள்.

நேற்று சிரித்தீர்களா என்பது ஒரு கேள்வி, வாழ்க்கை எங்கே நிற்கிறது என்பது வேறு கேள்வி. மலையில் கொழுந்து பறிக்கும்போது தன் செட்டோடு விழுந்து விழுந்து சிரிக்கிற பெண், 0 முதல் 10 வரை படி வைத்த வாழ்க்கை ஏணியில் தன்னை 3ஆம் படியில் வைக்கலாம். இரண்டும் உண்மை. சிரிப்பைப் படம் பிடித்துப் போட்டு “எளிமையான, மகிழ்ச்சியான மக்கள்” என்று எழுதுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை.

அந்த ஏணி 1965இல் அமெரிக்க ஆய்வாளர் ஹேட்லி கான்ட்ரில் எழுதி வைத்தது. உச்சிப் படி, *உங்களுக்கு* அமையக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பத்தடிக் காம்பராவிலேயே ஆயுளைக் கழித்த அம்மா 7 சொல்கிறார், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்து கொழும்பில் கடையில் நிற்கிற மகள் 4 சொல்கிறாள். உடனே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திருப்தி இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். அமர்த்தியா சென் 2002இல் இதே மாதிரி ஒன்றைக் காட்டினார்: இந்தியாவில் ஆயுள் நீண்ட கேரளத்தில்தான் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம், நிலைமை மோசமான பீகாரில் குறைவு. படிப்பும் ஆஸ்பத்திரியும் எட்டிய இடத்தில்தான் குறை கண்ணுக்குத் தெரியும். மகளின் 4 அவள் கண்ட உலகத்தின் அளவு. அம்மாவின் 7ஐக் காட்டி லயத்தை அப்படியே விட்டுவிட யாருக்கும் உரிமை இல்லை.

கூலியை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கப் பார்ப்பதும் சரிவராது. கூலி முக்கியம்தான். ஆனால் 1948இல் குடியுரிமை பறிபோய், அதைத் திருப்பிக் கொடுத்த 2003 சட்டம் வரை நாடற்றவர்களாகவே பலர் காத்திருந்த சமூகம் இது. இன்றைக்கும் லயத்தோடு ஒரு குசினியைக் கூட்டிக் கட்டத் தோட்டத்தில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. குடியிருக்கும் நிலம் யார் பேரில் இருக்கிறது, தோட்ட நிர்வாகிகளான துரைமார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக, நுவரெலியா மாவட்டச் சராசரியைத் தோட்டத்துச் சராசரி என்று போடாதீர்கள். அதில் டவுன் முதலாளியும் மரக்கறித் தோட்டக்காரரும் அடக்கம். தோட்டத்தைத் தனியாகப் பிரித்து, 4க்குக் கீழே சொன்னவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்றும் எழுதுங்கள்.