ஆயிலை மாற்றினேன், வண்டி குதித்தது

வாரம் முழுக்க ஊர்க்காரர்களின் பைக் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் குழாய்களை, பிரித்து மாட்டுகிறவன் நான். ஆனால் ஒரு ஞாயிறு, கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் என் 160 சிசி வண்டியே என் காலை வாரிவிட்டது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் ரொம்ப இறங்குகிறதே என்று ஃபோர்க்கில் இருந்த 10 வெயிட் ஆயிலை வடித்துவிட்டு, அதைவிடத் தடித்த 20 ஊற்றியிருந்தேன். இறக்கம் குறைந்தது, சரி. வளைவில் மூன்றாவது மேட்டில் முன்சக்கரம் தடதடவென்று குதித்து வெளியே இழுத்தது.

முதலில் டயர் மேல் பழி போட்டேன். அப்புறம் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க, குழாயில் ஒரு கேபிள் டையை மாட்டி ஓட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் அது கீழ் கிளாம்ப் பக்கம் வரை ஏறியிருந்தது; ஃபோர்க் கிட்டத்தட்ட முழுக்க அமுங்கியிருக்கிறது.

தடித்த ஆயில் ஃபோர்க் அமுங்குவதோடு நிமிர்வதையும் தாமதமாக்கும். என் வண்டியில் இருக்கிற சாதா ஃபோர்க்கில் (டேம்பிங் ராட் வகை) இரண்டையும் தனியாகத் திருத்த ஸ்குரூ கிடையாது. ஒரு மேட்டில் அமுங்கியது நிமிர்வதற்குள் அடுத்த மேடு; அமுக்கம் சேர்ந்துகொண்டே போய்விட்டது. வாடிக்கையாளர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொன்னதுதான்!

மறுபடி 10 ஊற்றி, கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டேன். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி வைத்து, இரண்டு பக்கமும் ஆயில் மட்டம் ஒரே அளவு வரும்வரை ஸ்கேலால் அளந்தேன். அடுத்த முறை கேபிள் டை இரண்டு விரல் இடம் விட்டு நின்றது. டயரிடம் மன்னிப்புக் கேட்பதுதான் பாக்கி.