ஒரு கிலோ அரிசி எத்தனை டம்ளர்?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் வாங்குவது கிலோ கணக்கு, அடுப்படியில் அளப்பது டம்ளர் கணக்கு. முதலில் உங்கள் டம்ளர் எத்தனை மில்லி என்று பாருங்கள். காலி டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் மில்லி.

200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்தால் இட்லி அரிசி, உளுந்து, சாமை எல்லாமே ஏறக்குறைய 160 முதல் 170 கிராம். கிலோவுக்கு 6 டம்ளர். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் 4:1 என்பதை எடையிலும் போடலாம், டம்ளரிலும் போடலாம். ஆனால் ஒன்றைக் குவித்து, மற்றொன்றைத் தலைதட்டினால் விகிதம் கெட்டது. ஊறிய பிறகு அளக்கவே கூடாது, அரிசி உப்பியிருக்கும்.

காலை வாருவது அவலும் மாவும்தான். அவல் ஏறக்குறைய பாதி எடைதான் நிற்கும். கேழ்வரகு மாவை லேசாக அள்ளிப் போட்டால் சுமார் 100 கிராம். தட்டித் தட்டி நிரப்பினால் 125 வரை போகும். மாவைத் தராசிலேயே போடுங்கள்.

மின் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி, அரிசி 150 கிராம் பிடிக்கும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு: மலை உயரத்தால் அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சாமைச் சோறு வேக நேரமாகும், ஆவியும் அதிகம் போகும். ஒன்றுக்கு இரண்டரை தண்ணீரோடு இன்னொரு கால் டம்ளர் சேருங்கள்.