ஒரே தோட்டத்தில் கோழியும் வாத்தும்

கோழி வளர்க்க ஆரம்பிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆறு மாதத்தில் "அப்படியே நாலு வாத்தும் விட்டால் என்ன" என்கிற இடத்துக்கு வந்துவிடுவார்கள். நானும் வந்தேன். ஏற்காடு அடிவாரத்தில் குப்பனூர் பக்கம் 40 சென்ட், பாதி தென்னை, கொஞ்சம் மா, மீதி சும்மா கிடக்கிற மேடு. முதல் வருஷம் 12 கோழியையும் 5 வாத்தையும் ஒரே கொட்டகையில் அடைத்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தரையில் போட்டிருந்த தேங்காய் நார்க்கழிவு கூழாகி, காலையில் கதவைத் திறந்தால் நெடி கண்ணைக் கரித்தது, அடுத்த வாரமே குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல். ஏழு போய்விட்டன. வாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை பாட்டுக்குச் சேற்றை நோண்டிக்கொண்டிருந்தன.

ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தோடு வெளியே வந்து, ஈரமான தரையில்தான் நோய் பரப்பும் வீரியம் பெறும். வாத்து இருக்கிற இடத்தில் ஈரம் இல்லாமல் இருக்காது, அது குடிக்கிற தண்ணீரில் பாதியைத் தரையில் கொட்டும், எச்சமும் தண்ணீராகவே போகும். அதனால் பகலில் இரண்டும் சேர்ந்து மேயட்டும், ராத்திரிக் கூடும் தண்ணீரும் தனித்தனியாக இருக்க வேண்டும். மற்ற தப்பெல்லாம் அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்.

நிலத்தில் எது மேடு, எது பள்ளம் என்று முதலில் பாருங்கள். அடிவாரத்து நிலம் என்றால் சரிவு கட்டாயம் இருக்கும். மேட்டில் கோழிக்கூடு, பள்ளத்தில் வாத்துக்கூடு. கூட்டின் நீளவாட்டு கிழக்கு மேற்காக இருந்தால் சேலத்து ஏப்ரல் வெயில் நேராக உள்ளே விழாது. நாட்டுக்கோழிக்கு ராத்திரி அடைய ஆளுக்கு ஒரு சதுர அடி போதும், உட்கார மூங்கிலோ சவுக்குக் கம்போ குறுக்கே கட்டிவிடுங்கள். வாத்து கம்பில் ஏறாது, தரையிலேயே படுக்கும், ஒன்றுக்கு மூன்று சதுர அடியாவது விட்டு நெல் உமியைக் கனமாகப் போட்டு, நனைந்ததை மட்டும் அள்ளிவிட்டுப் புதுசைத் தூவிக்கொண்டே இருக்கலாம்.

வாத்துக்குக் குளம் வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். மூக்கும் கண்ணும் முழுகுகிற ஆழம் இருந்தால் போதும், தலையை முக்கிக் கழுவிக்கொள்ள முடியாவிட்டால்தான் கண் நோய் வரும். நீல டிரம்மைப் படுக்கவைத்துப் பாதியாக அறுத்து, அதை வாழைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் கவிழ்க்கிற தண்ணீர் நேராக வாழைக்குப் போகிறது, அந்த நாலு கன்றுக்கும் நான் வேறு உரம் வைப்பதில்லை. கோழித் தண்ணீரைச் செங்கல் அடுக்கின் மேல் உயரமாக வையுங்கள், இல்லையென்றால் வாத்து வந்து அதையும் குழம்பாக்கிவிடும்.

எது வாங்குவது? முட்டைக்கணக்கு முக்கியம் என்றால் கிராமப்பிரியா மாதிரி கலப்பினம், ஆனால் அவை அடை உட்காராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தானாகக் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும் என்றால் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிதான் என் கட்சி. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வாத்தில் ஐந்து பெட்டைக்கு ஓர் ஆண் கணக்கு. ஆண் வாத்து அதிகமாகிப் பெட்டை போதவில்லை என்றால் அது கோழியின் மேல் ஏறும், கோழி அடிபட்டுச் சாகக்கூடும். கொங்கணாபுரம் சந்தையிலோ வேறு எங்கோ வாங்கி வந்தால், நேராகப் பழைய கூட்டத்தோடு விடாமல், இரண்டு வாரம் தோட்டத்தின் அந்தக் கோடியில் வைத்துப் பாருங்கள். அதற்குத் தீனி போட்டுவிட்டு அதே செருப்போடு பழைய கூட்டுக்கு வருவதும் தப்பு.

குஞ்சு வாங்கினால் முதல் வாரம் 35 டிகிரி சூடு, அப்புறம் வாரம் மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம், பரவலாகக் கிடந்தால் சரி. சித்திரையில் இங்கே எனக்குப் பகலில் பல்பே தேவைப்படவில்லை. மேலே நாகலூரில் மச்சான் மார்கழியில் குஞ்சு இறக்கி ஒரு மாதம் பல்பை அணைக்காமல் வைத்திருந்தார். அடிவாரத்துக் கணக்கு மலைக்கு ஆகாது.

தடுப்பூசியில் மட்டும் சோம்பல் வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் வந்தால் மருந்து இல்லை, ஒரு வாரத்தில் கூடு காலி. ஏழாவது நாள் கண்ணில் ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும், கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் பிப்ரவரி வாக்கில் இலவச முகாம் போடுவார்கள், விசாரித்து வையுங்கள். சின்ன வெங்காயமும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்து உருட்டிக் கொடுப்பதை நானும் செய்கிறேன். அதைத் தடுப்பூசிக்குப் பதிலாகச் செய்வதில்லை. வாத்துக்கு இந்தக் கழிச்சல் அவ்வளவாக வராது, ஆனால் வாத்து பிளேக்குக்குத் தனி ஊசி உண்டு, மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீனி விஷயத்தில் மேய்ச்சலே பாதி வேலையைச் செய்யும். சாயந்திரம் கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம் கொஞ்சம் போட்டால் கூட்டுக்கும் தானாக வந்து சேரும். குஞ்சுகளுக்குக் கறையான் பிடித்துக் கொடுங்கள், பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த கோணி, ஓலை எல்லாம் அடைத்து, தண்ணீர் தெளித்து, கறையான் புற்று இருக்கிற பக்கம் ராத்திரி கவிழ்த்து வைத்தால் மறுநாள் உள்ளே மொய்த்துக் கிடக்கும். நம்ம ஊரில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பி, அதாவது மரவள்ளிச் சக்கை, சல்லிசாகக் கிடைக்கிறதே என்று அதையே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் மாவுச்சத்துதான், புரதம் கிடையாது, முட்டை நின்றுபோகும். பச்சை மரவள்ளி இலையும் தோலும் போடவே கூடாது, சயனைடு இருக்கிறது.

வாத்துக்குக் காய்ந்த மாவுத் தீனி தொண்டையில் அடைக்கும், பிசைந்துதான் வைக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீரும் வேண்டும். அதைவிட முக்கியம், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. கோழி தாங்குகிற அளவு பூஞ்சை நஞ்சே வாத்துக்குஞ்சைக் கொன்றுவிடும். மழைக்காலத்தில் மூட்டை லேசாகச் சூடாக இருந்தாலோ மக்கு வாடை அடித்தாலோ காசு போனால் போகிறதென்று எருக்குழியில் கொட்டுங்கள்.

அடை வைப்பது தனிக் கலை. கொடாப்பு என்கிற, கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடைக்கடியிலோ பழைய கூடையிலோ மணல் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி, இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகாத முட்டையாகப் பார்த்து ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வையுங்கள். அம்மாயி அதில் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போடாமல் விட மாட்டார், இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகுமாம். என் கூடையிலும் ஓர் ஆணி கிடக்கிறது. ஏழாவது நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே சிவப்பு நரம்பு வலை தெரிந்தால் கரு, தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம்.

வாத்து அடையில் அவ்வளவு பொறுமை காட்டாது, அதனால் வாத்து முட்டையைக் கோழிக்கடியில் வைப்பது நம் பக்கத்து வழக்கம். கோழிக் குஞ்சுக்கு 21 நாள், வாத்துக் குஞ்சுக்கு 28, மணிலா வாத்துக்கு 35. இரண்டையும் கலந்து வைத்தால் கோழிக்குஞ்சு பொரித்ததும் தாய் எழுந்து போய்விடும், வாத்து முட்டை குளிர்ந்து வீணாகும். கலந்தே ஆக வேண்டும் என்றால் வாத்து முட்டையை ஒரு வாரம் முன்னாலேயே வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வாத்து முட்டையின் மேல் தினமும் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்க வேண்டும், கோழிக்கு வாத்து மாதிரி ஈரமான வயிறு கிடையாதே. பொரித்த குஞ்சுகளை ஒரு மாதம் தொட்டித் தண்ணீரில் விடாதீர்கள். வாத்துத்தாய் இருந்தால் அதன் எண்ணெய் குஞ்சின் உடம்பில் ஒட்டும், கோழித்தாய்க்கு அது இல்லை, நனைந்து விறைத்துப் போகும்.

மரநாயும் பூனையும் ராத்திரி வரும், கீரி பகலில் வரும். அரை அங்குலக் கம்பிவலை, தரைக்குள்ளும் ஓர் அடி இறக்கிப் புதைத்தது, அதற்குக் குறைந்தால் வேலைக்கு ஆகாது. பொழுது இறங்குவதற்குள் எண்ணி அடையுங்கள். காலையில் கோழியை ஆறு மணிக்கே விட்டுவிடலாம், வாத்தை மட்டும் ஒன்பது மணி வரை உள்ளேயே வைத்திருங்கள், விடிகாலையில் இடுகிற முட்டையெல்லாம் உமியிலேயே கிடைக்கும். சீக்கிரம் திறந்துவிட்டால் அப்புறம் வாய்க்கால் ஓரமாகக் கோரைக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.