நிலையான இணைப்பில் தோராய அல்காரிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்ணப்பதாரர்களையும் பணியிடங்களையும் இணைக்க நிரல் எழுதுபவர்கள் பெரும்பாலும் கேல்–ஷேப்லி அல்காரிதத்தில்தான் கை வைப்பார்கள். அதில் விண்ணப்பதாரர் தன் விருப்ப வரிசைப்படி ஒவ்வோர் இடமாகக் கேட்பார்; பணியிடம் கேட்டவர்களில் சிறந்தவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை மறுக்கும். 1962-இல் வெளியானது, எளிது, வேகமானது, நிலையான இணைப்பை, அதாவது தங்களுக்குக் கிடைத்ததைவிட ஒருவரையொருவர் அதிகம் விரும்பும் விண்ணப்பதாரர்–பணியிட ஜோடி எதுவும் மிஞ்சாத இணைப்பை, கட்டாயம் தந்துவிடும். விருப்பப் பட்டியலில் இரண்டு பேர் ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

அப்போது பலரும் செய்வது இதுதான்: சமமாக நிற்பவர்களைக் குலுக்கல் முறையிலோ பதிவெண் வரிசையிலோ முன்பின்னாக்கிவிட்டு, வழக்கமான அல்காரிதத்தை ஓட்டிவிடுவார்கள். வரும் விடை நிலையானதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது. ஆனால் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கும் என்பதை அந்தக் குலுக்கலே முடிவு செய்துவிடுகிறது. எண்ணிக்கை பாதியாகக்கூடக் குறையலாம்.

சின்ன உதாரணம். அ, ஆ என்று இரண்டு விண்ணப்பதாரர்கள்; க, ச என்று இரண்டு பணியிடங்கள். அ-வுக்கு முதல் விருப்பம் க, அடுத்தது ச. ஆ-வின் பட்டியலில் க மட்டும். க-வுக்கு அ, ஆ இருவரும் சமம். ச-வின் பட்டியலில் அ மட்டும். சமத்தை உடைக்கும்போது அ-வை முன்னால் வைத்தால் அ–க இணைந்துவிடும். ஆ-வும் ச-வும் வெறுங்கையோடு நிற்பார்கள். ஆ-வை முன்னால் வைத்தால் ஆ–க, அ–ச என்று நால்வருக்கும் ஜோடி கிடைக்கும். இரண்டுமே நிலையான இணைப்புகள்தான்.

ஆக, சமம் என்பது ஓட்டுவதற்கு முன் துடைத்தெறிய வேண்டிய குப்பை அல்ல. அதுதான் நம் கையில் இருக்கும் சுதந்திரம்; ஓடும்போது பார்த்துப் பயன்படுத்த வேண்டியது. 2008-இல் கிராய் என்ற ஆய்வாளர் காட்டிய வழி இதை அழகாகச் செய்கிறது. ஒருவர் தன் பட்டியல் முழுவதும் கேட்டு எங்கும் இடம் கிடைக்காமல் போனால், அவருக்கு ஒரே ஒரு முறை அரை மதிப்பெண் கூட்டிக் கொடுத்து, பட்டியலின் தொடக்கத்திலிருந்து மறுபடி கேட்கவிட வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் க முதலில் அ-வை வைத்துக்கொண்டு ஆ-வை மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆ-வின் பட்டியல் தீர்ந்தது. அரை மதிப்பெண்ணோடு திரும்பி வருகிறார். இப்போது க அவரை எடுத்துக்கொள்ளும். அ அடுத்ததாக ச-வைக் கேட்டு அங்கே சேர்ந்துவிடுவார்.

இதை நிரலாக்கும்போது மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். முதலாவது, கூடுதல் மதிப்பெண்ணை ஒரு முழுப் படியாகக் கொடுத்துவிடுவது. அது சமத்தை மட்டும்தான் வெல்ல வேண்டும். உண்மையிலேயே மேலே இருப்பவரைத் தள்ளிவிட்டால் நிலைத்தன்மையே போய்விடும். இரண்டாவது, வரம்பில்லாமல் திரும்பத் திரும்ப உயர்த்துவது. சமமான இருவர் ஒரே இடத்துக்காக மாறி மாறி வந்துகொண்டே இருப்பார்கள், நிரல் நிற்காது. மூன்றாவதுதான் மிகவும் நயமானது: விண்ணப்பதாரர் பட்டியலிலும் சமம் இருக்கும்போது அதை மட்டும் இஷ்டத்துக்கு உடைத்துவிட்டு இதே முறையை ஓட்டுவது. அ-வுக்கு க, ச இரண்டும் சமம், க-வுக்கு ஆ-வைவிட அ மேல் என்று மாற்றிப் பாருங்கள். அ முதலில் க-விடம் போய்விட்டால், ஆ அரை மதிப்பெண்ணோடு வந்தாலும் உள்ளே நுழைய முடியாது. இருபக்கமும் சமம் வரும் நிலைக்கு 3/2 விகிதத்தை, அதாவது மிகப் பெரிய நிலையான இணைப்பில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஜோடிகளை, எட்டியது 2009-இல் மெக்டெர்மிட் தந்த அல்காரிதம்.

அந்த 3/2 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பிழை தேடுவது சுலபம். நம் விடையையும் சிறந்த விடையையும், ஜோடிக்கு ஒரு கோடு வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பாதைகளும் சுழல்களும் தெரியும். நம் விடையைப் பெரிதாக்கக்கூடிய பாதைகளில் ஒரே கோடு கொண்டது எந்த நிலையான இணைப்பிலும் வராது. அதனால்தான் ஏனோதானோ என்று உடைத்தாலும் குறைந்தது பாதி கிடைக்கிறது. மூன்று கோடுகள் கொண்ட பாதையையும் ஒழிப்பதுதான் அந்த அரை மதிப்பெண்ணின் வேலை. உங்கள் விடையில் அப்படி ஒரு பாதை தென்பட்டால், பிழை நிரலில்தான் இருக்கிறது.

எதைத் தோராயமாக்குகிறோம் என்பதிலும் குழப்பம் உண்டு. இங்கே தோராயம் எண்ணிக்கையில் மட்டும்தான், நிலைத்தன்மையில் எள்ளளவும் இல்லை. நிலைகுலைக்கும் ஜோடிகளை முடிந்தவரை குறைப்பது என்பது வேறு கணக்கு. சரிபார்க்கும் நிரலிலும் கவனம் வேண்டும்: ஒரு ஜோடி நிலைகுலைக்க இருவருமே இப்போது இருப்பதைவிட ஒருவரையொருவர் திட்டவட்டமாக விரும்ப வேண்டும். 'பெரிது' என்ற இடத்தில் 'பெரிது அல்லது சமம்' என்று எழுதிவிட்டால், நீங்கள் சோதிப்பது வேறொரு கடுமையான நிலைத்தன்மையை. அதற்கு விடையே இல்லாமலும் போகலாம்.

இன்னொன்று, தேவையில்லாத இடத்தில் இந்த ஆயுதத்தை எடுப்பது. சமமே இல்லையென்றால் எல்லா நிலையான இணைப்புகளும் ஒரே அளவுதான். எல்லோரும் எல்லோரையும் பட்டியலிட்டிருந்தாலும் அளவு மாறாது. சமமும் முழுமையற்ற பட்டியலும் சேரும்போதுதான் மிகப் பெரிய நிலையான இணைப்பைத் தேடுவது என்பி-ஹார்ட் ஆகிறது, அதாவது வேகமாகச் சரியான விடை தரும் வழி எதுவும் தெரியாத கணக்காகிறது.

அப்புறம் விகிதங்களைப் படிக்கும் விதம். 3/2 என்றால், சிறந்த விடை 90 ஜோடிகள் என்றால் குறைந்தது 60 உறுதி என்று பொருள். 60-தான் வரும் என்று அல்ல. லாம், ப்ளாக்ஸ்டன் இருவரும் 2019-இல் தந்த 1+1/e, அதாவது சுமார் 1.37, ஒருபக்கம் மட்டும் சமம் உள்ள நிலைக்கானது. அதை இருபக்கச் சமத்துக்கான 3/2-ஓடு நேரடியாக ஒப்பிட்டு "இதுவே மேல்" என்று எடுத்துவிடக் கூடாது. உங்கள் தரவு சிறியது என்றால் முழுஎண் நிரலாக்கத்தை (மாறிகள் முழு எண்களாக மட்டும் இருக்கும்படி சிறந்த விடையைத் தேடும் முறை) முதலில் முயன்று பாருங்கள். சரியான விடையே பல நேரங்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.