வளவு மண்ணைத் தாங்கும் கருங்கல் சுவர்: முதன்முறை கட்டுபவர்களுக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு கட்டுகிறவர்கள் பலர் முதலில் செய்வது வளவை உயர்த்துவதுதான். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டடி, மூன்றடி உயரத்துக்குக் கிறவல், அதாவது சரளை கலந்த செம்மண், கொட்டி நிரப்பிவிடுகிறோம். சரி, பக்கத்து வளவு பழைய மட்டத்திலேயே கிடக்கிறதே, கொட்டிய மண்ணைப் பிடித்து வைப்பது எது? பெரும்பாலும் சீமெந்துக் கல்லில் கட்டிய எல்லை மதில்தான். தன் பாரத்தைச் சுமப்பதற்கு மட்டும் கட்டியது அது. கோடையில் அசையாது. மாரியில் கிறவல் ஊறி, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கியதும் வயிறு தள்ளும். அப்புறம் ஒரு நாள் பக்கத்து வளவுக்குள் விழுந்து கிடக்கும்.

இங்கே சொல்லப் போவது மூன்றடி உயரம் வரை மண்ணைத் தாங்கும், கம்பி இல்லாத கருங்கல் சுவர். தன் பாரத்தாலேயே நிற்கும் வகை. மூன்றடிக்கு மேல் போனாலோ, சுவருக்குப் பக்கத்தில் வாகனம், தண்ணீர்த் தாங்கி, வீட்டுச் சுவர் எதுவும் வந்தாலோ பொறியியலாளர் ஒருவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள்.

வேலைக்கு நல்ல காலம் மே முதல் செப்டெம்பர் வரை. வெட்டுவதற்கு முன் நில அளவைப் படத்தை வைத்து எல்லையைப் பாருங்கள். அத்திவாரம் அடுத்தவர் காணிக்குள் ஓரங்குலமும் போகக் கூடாது. பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ அனுமதி வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. அளவும் பொருளும்

அடியகலம் உயரத்தில் பாதிக்குக் குறையவே கூடாது. நான் மூன்றில் இரண்டு பங்கு வைப்பேன். மூன்றடிச் சுவருக்கு அடியில் இரண்டடி, தலையில் ஓரடி. முன்முகம் ஓரடிக்கு ஓரங்குலம் வீதம் மண் பக்கம் சாயட்டும். மீதி அகலத்தை மண்ணுக்குள் மறையும் பின்பக்கத்தில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

நாற்பதடி நீளத்துக்கு, நிலத்துக்குக் கீழே ஓரடிக் கல்லையும் சேர்த்தால், ஏறக்குறைய 260 கன அடி கட்டு வரும். ‘ஆறுக்கு ஒன்பது’ (ஆறங்குலம், ஒன்பதங்குல அளவு) கருங்கல் மூன்று கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி), சாந்துக்கு மணல் ஒரு கியூப், சீமெந்து 15 பை. அடிக் கொங்கிறீற்றுக்கு இன்னும் நான்கு பை, அதற்கான மணலும் சல்லியும் தனி.

மணலில் கவனம். கடற்கரை மணல் இலவசமாகக் கிடைக்கிறது என்று அள்ளிப் போடக் கூடாது. உப்பு சாந்தைக் கெடுக்கும், சட்டப் பிரச்சினையும் வரும். ஆற்று மணலையும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். போத்தலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் சேறு மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லோட் வேண்டாம். வாவிக்கரைக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் உவர்க்கும். அதில் சாந்து குழைக்காதீர்கள்.

2. அத்திவாரம்

இரண்டரையடி அகலம், பதினாறு அங்குல ஆழம். கல்லடி, நாவற்குடாப் பக்கம் மணல் தரை. குழியின் கரை சரிந்துகொண்டே இருக்கும், பலகை பிடித்துத்தான் வெட்ட வேண்டும். அடி மணலை நனைத்து நன்றாக இடித்துவிட்டால் பாரம் தாங்கும். படுவான்கரை, சம்மாந்துறை வயலோரக் களி வேறு மாதிரி. கோடையில் வெடிக்கும், மாரியில் வீங்கும். அங்கே இரண்டடியாவது இறங்கி இறுகிய மண்ணைத் தொடுங்கள். கூடுகிற ஆழத்துக்குக் கல்லும் கூடும். குழிக்குள் தண்ணீர் ஊறினால் இறைத்துவிட்டு, நாலங்குலத்துக்கு 1:3:6 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீற் போடுங்கள்.

3. கல் வைத்தல்

சாந்து ஒன்றுக்கு ஐந்து: சீமெந்து ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு. நூல் பிடித்து, பெரிய கற்களை அடியில் வையுங்கள். கல்லை நனைத்து, தட்டையான பக்கம் கீழே வரும்படி படுக்க வைக்க வேண்டும். மூன்றடிக்கு ஒரு கல்லாவது சுவரின் உள்ளே ஆழமாக ஓடிப் பின்பக்கக் கல்லைப் பிடிக்கட்டும். பொருத்துக்கு மேல் பொருத்து வரக் கூடாது. முன்னாலும் பின்னாலும் அழகான கல்லை நிறுத்திவிட்டு நடுவே உடைசலும் மண்ணும் கொட்டி மூடுகிற மேசன்மாரும் இருக்கிறார்கள், ஆகவே பக்கத்தில் நில்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டடி உயரம் போதும்.

4. தண்ணீருக்கு வழி

இந்த வேலையில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். கட்டும்போதே, முன்பக்கத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஐந்தடிக்கு ஒன்றாக இரண்டங்குல பி.வி.சி. பைப் வையுங்கள், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக. கட்டி முடித்த பின் துளைக்கலாம் என்றால் நடக்காது.

பைப் மட்டும் இருந்தால் ஒரு மாரியிலேயே அடைத்துவிடும். கிறவலில் தூள் அதிகம். ஆகவே மண் நிரப்பும்போது சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குச் சல்லிக்கல் மட்டும் போட்டு, அதற்கும் கிறவலுக்கும் இடையில் ஜியோடெக்ஸ்டைல் (தண்ணீரை விட்டு மண்ணை மறிக்கும்) துணியை விரியுங்கள். துணி கிடைக்காவிட்டால் சல்லிக்குப் பின்னால் சிப்ஸ் என்னும் பொடிச் சல்லி, அதற்குப் பின்னால் பருமணல் என்று அடுக்கலாம். வேலை கூடும், ஆனால் பயன் தரும். மேல் ஆறங்குலத்தைக் களிமண்ணால் மூடி, மழைநீர் சுவர் பக்கம் ஓடிவராதபடி சரிவு கொடுங்கள்.

பைப்பால் வரும் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வீட்டாரின் வளவுக்குள்! இதில் முறிந்த உறவுகள் நிறைய. உங்கள் எல்லைக்குள்ளேயே சுவரின் காலடியில் சிறிய கான் கட்டி ரோட்டுக் கானோடு சேர்க்க இடம் விடுங்கள். அதை அத்திவாரம் வெட்டும் முன்பே யோசிக்க வேண்டும்.

5. நனைத்தலும் நிரப்புதலும்

கச்சான் காற்று, அதாவது கோடையின் வறண்ட மேல்காற்று, வீசும் நாளில் காலையில் கட்டியது மத்தியானத்துக்குள் காய்ந்து போகும். ஈரச் சாக்கால் மூடி, ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருங்கள். இரண்டு வாரம் கழித்து மண் நிரப்பலாம். ஒரேயடியாக டிரக்டரால் தள்ளக் கூடாது. அரையடி அரையடியாகப் போட்டுக் கையால் இடியுங்கள்; சுவரிலிருந்து மூன்றடிக்குள் ரோலர் வரவே கூடாது.

தலையில் இரண்டங்குலக் கொங்கிறீற் மூடி போட்டால் முடிந்தது. அதற்கு மேல் சீமெந்துக் கல்லில் மதில் எழுப்பும் ஆசை பலருக்கு வரும். காற்று அந்த மதிலைத் தள்ளும்போது அடிச்சுவரும் சேர்ந்து வாங்கும். 1978 நவம்பரில் சூறாவளி அடித்த ஊர் இது. கம்பி வேலி போதும். மதில்தான் வேண்டுமென்றால் அடியகலத்தைப் பொறியியலாளரிடம் மறுபடி கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள்.

ஒவ்வோர் ஐப்பசியிலும் பைப்புகளுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள். மழைக்குப் பிறகு ஒரு பைப்பில் சிவப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அந்த இடத்தில் துணி கிழிந்திருக்கிறது அல்லது விலகியிருக்கிறது. கோடை வந்ததும் அங்கே மட்டும் தோண்டிச் சல்லியைக் கழுவித் திரும்பப் போடுங்கள்.