மவுஸ் அம்புக்குறி துள்ளுகிறதா? அடியில் ஒரு தாளை வையுங்கள்

திரையில் அம்புக்குறி தானாகத் துள்ளினால் உடனே புது மவுஸ் வாங்க ஓடாதீர்கள். பல நேரம் குறை மவுஸில் இருக்காது, அதற்கு அடியில் உள்ள மேசையில்தான் இருக்கும்.

1964-இல் அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு சக்கரங்கள் உருண்டு அதன் நகர்வை அளந்தன. அப்புறம் உருண்டை வைத்த மவுஸ் வந்தது, அதில் அழுக்கு சேர்ந்துகொண்டே இருக்கும். ஒளியைக் கொண்டு நகர்வை அறியும் இப்போதைய ஆப்டிகல் மவுஸில் அடியில் உருள எதுவுமில்லை. ஒரு குட்டி கேமரா நொடிக்கு ஆயிரம் முறைக்கும் மேல் மேசைப் பரப்பைப் படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. கண்ணாடியிலும் பளபளப்பான பரப்பிலும் ஒப்பிட்டுப் பார்க்க அதற்குப் பிடி எதுவும் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்தத் தடுமாற்றம்.

சாதாரண வெள்ளைத்தாள் போதும். அதன் நுண்ணிய இழைகளே கேமராவுக்கு நல்ல அடையாளம். அப்படியும் சரியாகவில்லை என்றால் மவுஸை அணைத்துத் திருப்பிப் பாருங்கள். ஒளி வரும் குழியில் ஒரே ஒரு முடி சிக்கியிருந்தாலும் அம்பு ஆடும். உலர்ந்த பஞ்சுக்குச்சியால், தண்ணீர் தொடாமல், மெல்ல எடுத்துவிடுங்கள்.