‘பெண்களாலும் முடியும்’ என்பதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்?

ஆறு வயதுச் சிறுமி ஒரு கடினமான கணக்கைப் போட்டு முடித்து நோட்டை நீட்டும்போது, ‘பார்த்தாயா, பெண்களாலும் கணக்குப் போட முடியும்!’ என்று வாய்நிறையப் பாராட்டிவிடுகிறோம். நோக்கம் நல்லதுதான், ஆனால் அந்த ‘உம்’ வேறொன்றைச் சொல்லிவிடுகிறது. இலக்கணத்தில் இதை எச்ச உம்மை என்பார்கள்: ‘கண்ணனும் வந்தான்’ என்றால் வேறு யாரோவும் வந்திருக்கிறார்கள் என்று பொருள். அதுபோலவே ‘பெண்களாலும்’ என்னும்போது, இயல்பாக முடிகிறவர்கள் ஆண்கள், பெண்கள் பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் என்பது சொல்லாமலே குழந்தையின் காதில் விழுகிறது. ‘ஆண்களுக்கு இணையாக’ என்ற தொடரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து வயதுச் சிறுமிகளும் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தத்தம் பாலினத்தவரையே பெரிய புத்திசாலிகளாகக் கருதினார்கள். ஆறு, ஏழு வயதில் சிறுமிகளிடம் அந்த எண்ணம் குறைந்திருந்தது. ஆகவே பேச்சைத் திருத்திக்கொள்ள, பிள்ளை வளரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில், பாராட்டிலிருந்து பாலினத்தை எடுத்துவிட்டு, குழந்தை செய்ததைச் சொல்லுங்கள். அந்த நோட்டிலேயே, ரப்பரால் அழித்து மீண்டும் எழுதிய தடம் ஒன்று இருக்கும். ‘கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் தவறியதை நீயே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறாயே’ என்று அதைத் தொட்டுக் காட்டினால், அடுத்த கணக்கிலும் தானாகச் செய்யக்கூடிய ஒன்று அவள் கையில் கிடைக்கிறது. ‘பையன்கள் இதில் கெட்டிக்காரர்கள்’ என்பது பையனுக்காவது ஊக்கம் தரும் என்று எண்ண வேண்டாம். நான்கு முதல் ஏழு வயதுவரையான குழந்தைகளிடம் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், திறமையை ஒரு பாலினத்தோடு முடிச்சுப் போட்டுச் சொன்னபோது, அந்தப் பாலினத்தைச் சேர்ந்த குழந்தைகளின் செயல்பாடும் சரிந்தது.

அழைக்கும் விதமும் முக்கியம். ‘வா, விஞ்ஞானி ஆகலாம்’ என்பதைவிட, ‘எது மிதக்கிறது, எது மூழ்குகிறது, போட்டுப் பார்க்கலாமா?’ என்று செயலுக்கு அழைப்பதே நல்லது; விஞ்ஞானி என்றதும் மனத்தில் ஓர் ஆணின் உருவம் வந்துவிட்டால், சிறுமி அந்த இடத்தைத் தனக்கானதாக நினைக்க மாட்டாள்.

தொழில்களைப் பற்றிப் பேசும்போது தமிழ் நமக்கு ஒரு வசதி தருகிறது. ‘விமானி ஓட்டுகிறான்’ என்பதை ‘ஓட்டுகிறார்’ என்று மாற்றினால் போதும், இருபாலரும் அதில் அடங்கிவிடுவார்கள். என்றாலும் ‘ஆர்’ விகுதியைக் கேட்டும் குழந்தை ஆணையே நினைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், கதையில் வரும் பொறியாளரை அவ்வப்போது ‘அவள்’ என்றே சொல்லிவிடுங்கள்.

உறவினர் யாரேனும் ‘ஆண்பிள்ளை மாதிரி தைரியம்!’ என்று மெச்சும்போது வாதாட வேண்டியதில்லை. ‘ஆமாம், மின்சாரம் போனதும் தானே தடவித் தடவிப் போய் டார்ச்சை எடுத்து வந்தாள்’ என்று குழந்தையின் காதுபடப் பதில் சொல்லுங்கள்.